மரப்பாலும் இறால் ஓடும்

பாலிமர் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது பிளாஸ்டிக் பைதான். பாலிமர் என்றால் செயற்கை, செயற்கை என்றால் கேடு என்ற எண்ணம் பள்ளிப் பருவத்திலேயே மனத்தில் பதிந்துவிடுகிறது. உண்மை வேறு. நாம் உடுத்தும் பருத்தி ஒரு பாலிமர். சோற்றில் இருக்கும் மாவுச்சத்து ஒரு பாலிமர். தலைமுடியும் நகமும் பாலிமர்கள். தேக்காவில் வாங்கி வந்த இறாலை உரித்துவிட்டுக் குப்பையில் கொட்டுகிறோமே, அந்த ஓட்டில் இருப்பதும் பாலிமர்தான்!

பொருளறிவியல் படித்தவன் என்பதால் பேரவை நிகழ்ச்சிகளில் சந்திக்கும் இளையர்கள் என்னிடம் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பதுண்டு. "அண்ணா, பிளாஸ்டிக்குக்குப் பதிலாக இயற்கைப் பொருளில் எல்லாவற்றையும் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் அல்லவா?" தீராது என்பதே என் பதில். இயற்கையிலிருந்து வந்தது என்பதாலேயே ஒரு பொருள் நல்லதாகிவிடாது. இதற்குச் சான்று தேடி எங்கும் போக வேண்டியதில்லை. நாம் வாழும் இந்தத் தீவிலேயே அது இருக்கிறது. நம் தாத்தா பாட்டிகளின் கைகளும் அந்தக் கதையில் உண்டு.

முதலில் கொஞ்சம் பாடம்.

பூச்சரமும் பாலிமரும்

கேம்பல் லேன் பூக்கடையில் மல்லிகைச் சரம் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். தனிப் பூவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்த்து முழக்கணக்கில் நீளும் சரமாக்குகிறார்கள். பாலிமரும் அப்படித்தான். ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஆயிரக்கணக்கில் கைகோத்து நீண்ட சங்கிலியாகின்றன. தமிழில் இதைப் பல்லுறுப்பி என்கிறோம். குளுக்கோஸ் என்னும் சர்க்கரையை ஒரு விதமாகக் கோத்தால் மாவுச்சத்து, வேறு விதமாகக் கோத்தால் செல்லுலோஸ். முன்னதை நாம் உண்கிறோம். பின்னதால் மரம் நிற்கிறது. கோக்கும் முறை மாறினால் குணமும் மாறுகிறது.

இதை இன்னும் தெளிவாகக் காட்டும் ஓர் இணை உண்டு. ரப்பர் மரத்தின் பாலும், கட்டாபெர்ச்சா மரத்தின் பாலும். இரண்டிலும் இருக்கும் பூ ஒன்றே. ஐசோப்ரீன் என்பது அதன் பெயர். ரப்பரில் சங்கிலி ஒவ்வொரு இரட்டைப் பிணைப்பையும் ஒரே பக்கமாகத் தொட்டுச் செல்கிறது. எல்லாப் பூவையும் ஒரே பக்கம் பார்க்க வைத்துக் கட்டிய சரம் சுருண்டு கொள்வதைப்போல, ரப்பரின் சங்கிலி சுருண்டு கிடக்கிறது. இழுத்தால் நீள்கிறது, விட்டால் மீண்டும் சுருங்குகிறது. கட்டாபெர்ச்சாவில் சங்கிலி பக்கம் மாறிச் செல்கிறது. அதனால் நேராகக் கிடக்கிறது. நேரான சங்கிலிகள் அடுக்கிய விறகைப்போல நெருக்கமாகப் படியும். ஆகவே அது அறை வெப்பத்தில் கெட்டியாக இருக்கும். சுடுநீரில் போட்டால் இளகும். இளகியதைக் கையால் எந்த வடிவத்துக்கும் கொண்டு வந்து ஆறவிட்டால் அப்படியே இறுகிவிடும்.

பிளாஸ்டிக்கும் இதைத்தானே செய்கிறது என்று நீங்கள் நினைத்தால், சரியாகவே நினைக்கிறீர்கள். பிளாஸ்டிக் பிறப்பதற்கு முன்பே உலகம் பயன்படுத்திய பிளாஸ்டிக் இது. உலகச் சந்தைக்கு அது புறப்பட்ட துறைமுகம் சிங்கப்பூர்.

மரத்தை வீழ்த்திய பால்

மலாய் மக்கள் இம்மரத்தின் பாலைக் காலங்காலமாக அறிந்திருந்தார்கள். பாராங் கத்திக்குப் பிடி செய்தார்கள். சிங்கப்பூரில் பணியாற்றிய வில்லியம் மாண்ட்கோமரி என்னும் மருத்துவர் அத்தகைய பிடி ஒன்றைக் கண்டு வியந்து, 1843ஆம் ஆண்டு மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பினார். அதே ஆண்டில் சிங்கப்பூர் வணிகர் ஹோசே டி அல்மேடாவும் அங்கே அதைக் கொண்டு போய்க் காட்டினார். கைத்தடி, மை புட்டி, குழாய், கோல்ஃப் பந்து என்று லண்டனில் எல்லாவற்றையும் அதில் செய்து பார்த்தார்கள். அதோடு நின்றிருந்தால் மரங்கள் பிழைத்திருக்கலாம்.

1848இல் மைக்கேல் ஃபாரடே, கட்டாபெர்ச்சா மின்சாரத்தைக் கசியவிடாத நல்ல காப்புப்பொருள் என்று எழுதினார். அக்காலத்தில் தந்திக் கம்பியைக் கடலுக்கடியில் கொண்டு செல்லத் தகுந்த உறை கிடைக்காமல் பொறியாளர்கள் திணறிக் கொண்டிருந்தார்கள். ரப்பர் கடல்நீரில் நாளடைவில் கெட்டுவிடும். கட்டாபெர்ச்சாவோ கடலடியின் குளிரிலும் அழுத்தத்திலும் இன்னும் உறுதியாக இருக்கும். 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையே கம்பி போடப்பட்டது. 1866இல் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்து நிலையான தொடர்பு ஏற்பட்டது. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குத் தந்தி வந்தது. நம் முன்னோர் பாய்மரக் கப்பலில் வாரக்கணக்கில் கடந்த அதே கடலின் அடியில், செய்தி நிமிடங்களில் ஓடியது. அந்தக் கம்பியைச் சுற்றியிருந்ததும் இந்தக் காடுகளின் பால்தான்.

ஆனால் அந்தப் பாலை எடுத்த விதத்தைக் கேளுங்கள். கட்டாபெர்ச்சா மரத்தின் பால் ரப்பரைப்போல வழிந்தோடாது. பட்டைக்குள் சிறு சிறு அறைகளில் தேங்கி நிற்கும். கீறினால் கொஞ்சம் கசிந்து உறைந்துவிடும். ஆகையால் மரத்தையே வெட்டிச் சாய்த்து, அடிமரம் நெடுக வளையம் வளையமாகப் பட்டையைக் கீறிப் பாலைச் சேகரித்தார்கள். பல பத்தாண்டுகள் வளர்ந்த மரத்தைச் சாய்த்தால் கிடைத்தது பெரும்பாலும் ஒரு கிலோவுக்கும் குறைவு! கடலடிக் கம்பிகளுக்கோ டன் கணக்கில் தேவைப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சிங்கப்பூரில் அம்மரம் அரிதாகிவிட்டது. கோடரி ஜொகூருக்கும், சுமத்திராவுக்கும், போர்னியோவுக்கும் நகர்ந்தது.

கட்டாபெர்ச்சா முழுக்க முழுக்க இயற்கைப் பொருள். இன்றைய விளம்பர மொழியில் சொன்னால் 'நூறு விழுக்காடு தாவரம்'. ஆயினும் அது ஒரு காட்டையே தின்றது. இன்று இயற்கைப் பாலிமர் ஆராய்ச்சிக்குள் நுழையும் எந்த மாணவரும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டிய வரலாறு இது என்று நான் கருதுகிறேன். பாடத்திட்டங்களில் இது வருவதில்லை என்பது என் குறை.

இந்தக் கதையின் முடிவில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கடலடிக் கம்பிகளில் கட்டாபெர்ச்சாவின் இடத்தைப் பின்னர் பிடித்தது எது தெரியுமா? 1933இல் இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் கண்டுபிடிக்கப்பட்ட பாலிஎத்திலீன். ஆம், நாம் பாலிதீன் என்று சொல்லித் திட்டும் அதே பொருள். அன்றைக்கு அது மரங்களைக் காக்க வந்த மாற்றாகக்கூடத் தோன்றியிருக்கும். கட்டாபெர்ச்சாவோ இன்று பல் மருத்துவரிடம் போய் ஒதுங்கிவிட்டது. வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட எவர் பல்லிலும் அது சிறிதளவு இருக்க வாய்ப்புண்டு.

தாத்தாவின் உளி

ரப்பரின் கதை வேறு விதமாகப் போனது. பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் 1877இல் சிங்கப்பூர்ப் பூமலைக்கு வந்தன. 1888இல் பூமலையின் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறையை வகுத்தார். பட்டையின் மேல்தோலை மட்டும் சாய்வாக மெல்லிய இழையாகச் சீவுவது. ஒருநாள் விட்டு ஒருநாள் அதே கோட்டை இன்னும் ஓர் இழை சீவி, காயத்தைப் புதுப்பிப்பது. சீவிய பட்டை சில ஆண்டுகளில் மீண்டும் வளர்ந்துவிடும். ஒரே மரம் இருபது முப்பது ஆண்டுகள் பால் தரும். தோட்டக்காரர்களைச் சந்திக்கும்போதெல்லாம் சட்டைப்பையில் விதைகளைத் திணித்து அனுப்பியதால் அவருக்குக் கிறுக்கு ரிட்லி என்று பட்டப்பெயர். நூறு வயது வாழ்ந்து 1956இல் மறைந்தார்.

முறையை வகுத்தவர் ரிட்லி. அதை நாள்தோறும் இருட்டோடு எழுந்து செய்தவர்கள் யார் என்பது இவ்விதழை வாசிக்கும் பலருக்கும் குடும்பக் கதையாகத் தெரிந்திருக்கும். என் தாத்தா ஜொகூரில் பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பிரட்டுக்குப் போய் நின்று, தன் நிரைக்குச் சென்று, வெயில் ஏறுவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் பால் வடிவது குறைந்துவிடும். மங்கில் சேர்ந்ததை வாளியில் ஊற்றி, ஸ்டோருக்குத் தூக்கிச் சென்று நிறுத்துக் கொடுக்க வேண்டும். "தோலைத்தான்டா சீவணும், கட்டையத் தொட்டுட்டா அந்த எடத்துல மரம் முடிச்சு விழுந்துரும், அப்புறம் அங்க பால் கெடைக்காது" என்று அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான் படித்தபோது அதையே வேறு சொற்களில் கேட்டேன்: பால் குழாய்கள் இருப்பது பட்டையில், அதற்கு உட்புறம் உள்ள கேம்பியம் என்னும் மெல்லிய படலம் காயம்பட்டால் பட்டை சீராக மீள்வதில்லை. ஒரு மில்லிமீட்டர் அளவுப் பொறுப்பு அந்தக் கையில் இருந்தது.

ஆக, ரப்பரில் மரம் பிழைத்தது. காட்டின் கதி வேறு. தோட்டங்களுக்காக மலாயாவில் பரந்த காடுகள் அழிக்கப்பட்டன. வெட்டிய கைகளுக்குக் கிடைத்த கூலியும், லயத்து வாழ்க்கையும், சஞ்சிக்கூலி, கங்காணி முறைகளும் நாம் அறிந்தவையே. 'நிலைத்தன்மை உடைய பொருள்' என்று ஒன்றை எடைபோடும்போது கரியமில வாயுக் கணக்கு மட்டும் போட்டால் இதெல்லாம் அந்தக் கணக்கில் வரவே வராது.

குப்பைத் தொட்டி என்னும் காடு

இனி இன்றைய கதைக்கு வருவோம். காடும் இல்லை, வயலும் இல்லை என்னும் நிலையில் உள்ள ஒரு நகரம் இயற்கைப் பாலிமருக்கு எங்கே போகும்? கடந்த சில ஆண்டுகளாக இங்குள்ள ஆய்வாளர்கள் தந்துவரும் விடை எனக்குப் பிடித்திருக்கிறது. நகரம் எறிவதை எடுத்துக்கொள் என்பதே அது. 2023இல் சிங்கப்பூரில் சேர்ந்த உணவுக் கழிவு 755,000 டன். அதில் மறுசுழற்சிக்குப் போனது 18 விழுக்காடே.

இறால் ஓட்டையே எடுத்துக்கொள்வோம். இறால், நண்டு, சிங்க இறால் ஓடுகளாக உலகில் ஆண்டுக்கு 60 முதல் 80 லட்சம் டன் கழிவு சேர்கிறது என்றும், அதில் சுமார் 15 லட்சம் டன் தென்கிழக்காசியாவிலிருந்து வருகிறது என்றும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் யான் நிங், 2015இல் 'நேச்சர்' இதழில் தம் சக ஆய்வாளருடன் எழுதினார். அந்த ஓட்டில் மூன்று பொருள்கள் உண்டு. புரதம், சுண்ணாம்பு எனப்படும் கால்சியம் கார்பனேட், கைட்டின். கைட்டினின் பங்கு 15 முதல் 40 விழுக்காடு.

கைட்டின் என்பது செல்லுலோஸின் ஒன்றுவிட்ட தம்பி. செல்லுலோஸில் இருக்கும் அதே சர்க்கரை வளையம்தான். ஓரிடத்தில் மட்டும் ஹைட்ராக்சில் தொகுதிக்குப் பதிலாக நைட்ரஜன் கொண்ட ஒரு தொகுதி தொங்குகிறது. பூச்சியின் சிறகு, வண்டின் முதுகு, காளானின் சுவர், கணவாயின் உள்ளோடு எல்லாவற்றிலும் கைட்டின் உண்டு. அதைக் காரத்தில் பதப்படுத்தினால் கைட்டோசன் கிடைக்கும். கைட்டோசன் வினிகர் போன்ற மென் அமிலத்தில் கரையும். கரைசலைக் கண்ணாடித் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் செலோஃபேன் தாளைப்போன்ற தெளிவான படலம் உரிந்து வரும். நான் மாணவனாக இருந்தபோது அப்படி உரித்த முதல் படலத்தை வெகுநேரம் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறால் வாடை துளியும் இல்லை! கிருமிகளை அது தடுக்கும், இரத்தக் கசிவை நிறுத்தும். அதனால் போர்க்களக் காயக்கட்டுகளிலும் பயன்படுகிறது.

இவ்வளவு நல்ல பொருள் ஏன் இன்னும் எங்கும் இல்லை? தொழிற்சாலையில் அதை எடுக்கும் முறைதான் தடை. சுண்ணாம்பை நீக்க ஹைட்ரோகுளோரிக் அமிலம். புரதத்தை நீக்கக் கொதிக்கும் காரம். கைட்டோசனாக்க இன்னும் கடுமையான காரம். ஒவ்வொரு படியிலும் கழுவ வேண்டும். ஒரு கிலோ கைட்டோசனுக்கு ஒரு டன்னுக்கும் மேல் தண்ணீர் செலவாகிறது என்று அதே கட்டுரை சொல்கிறது. அமிலத்தில் சுண்ணாம்பு கரையும்போது நுரைத்து வெளியேறுவதும் கரியமில வாயுதான். கடலிலிருந்து வந்த கழிவைக் காப்பாற்றப் போய் ஆற்றில் அமிலக் கழிவை விட்டால் என்ன பயன்? கட்டாபெர்ச்சாவில் கோடரி செய்ததை இங்கே அமிலம் செய்யும்.

இந்த இடத்தில்தான் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் உணவு அறிவியல் துறையில் வில்லியம் சென் குழுவினர் 2020இல் வெளியிட்ட வேலை என்னைக் கவர்ந்தது. திராட்சைச் சக்கை, மாம்பழத் தோல், அன்னாசித் தண்டு போன்ற பழக் கழிவுகளை இறால் ஓட்டோடு சேர்த்து நொதிக்க வைத்தார்கள். நுண்ணுயிர்கள் பழத்திலுள்ள சர்க்கரையை உண்டு அமிலத்தைத் தாமே உண்டாக்குகின்றன. அந்த அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கிறது. அவை சுரக்கும் நொதிகள் புரதத்தைச் சிதைக்கின்றன. மிஞ்சுவது நல்ல தரமான கைட்டின். நம் வீட்டில் இட்லி மாவு புளிக்கும் அதே வித்தைதான். தேக்கா சந்தையில் பழக்கடைக்கும் மீன்கடைக்கும் இடையே சில அடி தூரம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். இரண்டு கடைகளின் கழிவும் ஒன்றையொன்று சுத்தம் செய்கின்றன!

சிங்கப்பூர்த் தொழில்நுட்ப, வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் ஹாவியர் பெர்னாண்டஸ் குழுவினர் 2018இல் இன்னொரு வழியைக் காட்டினார்கள். பூஞ்சையைப் போன்ற ஓமைசீட் என்னும் நுண்ணுயிரின் சுவரில் செல்லுலோஸும் சிறிதளவு கைட்டினும் கலந்திருக்கும். அதைப் பார்த்துச் செல்லுலோஸ் நாரில் கொஞ்சம் கைட்டோசனைப் பசையாகக் கலந்து ஒரு பிசினைச் செய்தார்கள். நச்சுக் கரைப்பான் எதுவும் கிடையாது, செயற்கைப் பிளாஸ்டிக்கும் கிடையாது. முப்பரிமாண அச்சு இயந்திரம்போல ஒரு ரோபோ கையால் அதைப் பிழிந்து 1.2 மீட்டர் நீளக் காற்றாலை இறக்கை ஒன்றை உருவாக்கினார்கள். காய்ந்த பிறகு மரத்தைப்போல அறுக்கலாம், துளையிடலாம். கிலோவுக்கு இரண்டு அமெரிக்க டாலருக்கும் குறைவான செலவு என்று அப்போது கணக்கிட்டார்கள். அவர்களே 2020இல் அடுத்த படியாக, உணவுக் கழிவைத் தின்று வளரும் கறுப்புச் சிப்பாய் ஈயிடமிருந்து கைட்டினை எடுத்து, நகரக் கழிவிலிருந்தே இத்தகைய பொருளைச் செய்ய முடியும் என்று காட்டினார்கள். இறால் பண்ணையும் வேண்டாம், காடும் வேண்டாம். நாம் தட்டில் மிச்சம் வைத்த சோறு, புழுவின் வழியாகப் பலகையாகிறது.

அன்னாசி இலை நாரில் காற்றுக்களி, சூரியகாந்தி மகரந்தத்தில் எண்ணெய் உறிஞ்சும் பஞ்சு, டுரியான் தோலில் காயக்கட்டு என்று இன்னும் பல ஆய்வுகள் இங்கு நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் செய்தித்தாளில் படத்தோடு வந்தது. எல்லாவற்றையும் விவரிக்க இங்கே இடமில்லை.

வாழையிலையும் எரியுலையும்

கழிவிலிருந்து செய்தாயிற்று. சரி, பயன்படுத்திய பிறகு அது எங்கே போகும்?

ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டிருப்பீர்கள். 'எவ்வளவு சுற்றுச்சூழலுக்கு உகந்தது நம் பண்பாடு!' என்று நம்மில் சிலர் பெருமையாகச் சொல்வதுண்டு. எங்கள் ஊர்ப் பக்கத்தில் அது உண்மை. பந்தி முடிந்ததும் எச்சில் இலையை மாடும் ஆடும் தின்னும். எஞ்சியது எருக்குழிக்குப் போகும். எருக்குழி வாழைக்குத் திரும்பும். இங்கேயோ இலை பெரும்பாலும் எல்லை தாண்டிக் குளிர்வண்டியில் வருகிறது. சாப்பிட்டு மடித்த பிறகு குப்பைப் பையில் கட்டப்பட்டு எரியுலைக்குப் போகிறது. இலை அதே இலைதான். ஆடு இல்லை, எருக்குழியும் இல்லை.

சிங்கப்பூரில் எரிக்கக்கூடிய குப்பை முழுவதும் எரிசக்தி ஆலைகளில் எரிக்கப்படுகிறது. குப்பையின் பருமன் சுமார் 90 விழுக்காடு குறைகிறது. சாம்பல் படகில் ஏறிப் புலாவ் செமாக்காவுக்குப் போகிறது. 1999இல் திறக்கப்பட்ட அந்தக் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணிக்கப்பட்டுள்ளது. நிலப்பற்றாக்குறை உள்ள நாட்டுக்கு எரிப்பதைத் தவிர வேறு வழி எளிதல்ல என்பது எனக்கும் புரிகிறது. ஆனால் இதன் விளைவு ஒன்றை நாம் நேராகப் பார்க்க வேண்டும். ஆயிரம் டிகிரி நெருப்பில், மக்கும் பைக்கும் மக்காத பைக்கும் என்ன வேறுபாடு? ஒருமுறை மட்டும் பயன்படும் பிளாஸ்டிக்குக்குப் பதிலாக வேறு பொருளில் ஒருமுறை மட்டும் பயன்படும் பையைத் தருவதால் சுற்றுச்சூழலுக்கு நன்மை என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் ஆய்வை மேற்கோள் காட்டி 2018இல் சொல்லப்பட்டது. பலருக்கு அது ஏமாற்றமாக இருந்தது. எனக்கு அது நேர்மையான பதிலாகப் பட்டது.

'மக்கும்' என்ற முத்திரையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சோளமாவிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்னும் பாலிமர் மக்குவதற்குத் தொழில்முறை உரக்கூடத்தின் சுமார் 60 டிகிரி சூடும் ஈரமும் வேண்டும். கடலில் விழுந்தால் அது நெடுங்காலம் அப்படியே கிடக்கும். பாக்கெட்டில் எழுதியிருப்பது பொருளின் குணம் மட்டுமன்று. அது போய்ச் சேரும் இடத்தின் குணமும் சேர்ந்தது.

ஆயினும் இயற்கைப் பாலிமருக்கு எரியுலையிலும் ஒரு சாதகம் உண்டு. பாலிதீனை எரித்தால் வெளிவரும் கார்பன், கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தடியில் எண்ணெயாகக் கிடந்தது. கைட்டினையோ செல்லுலோஸையோ எரித்தால் வெளிவருவது சில ஆண்டுகளுக்குமுன் காற்றிலிருந்து செடி எடுத்த கார்பன். கணக்கில் இது பெரிய வேறுபாடு. ஆனால் அந்தச் செடியை வளர்க்க உரமும், ஏற்றிவரக் கப்பலும், பதப்படுத்த அமிலமும் சேரச் சேர அந்த வேறுபாடு கரைந்துகொண்டே போகும். அருகில் கிடைக்கும் கழிவிலிருந்து செய்தால் மட்டுமே அது கரையாமல் நிற்கும்.

ஆகவே இத்துறைக்கு வர எண்ணும் தம்பி தங்கைகளிடம் நான் ஒன்றைச் சொல்வதுண்டு: பை செய்யாதீர்கள், கரண்டி செய்யாதீர்கள். பத்து நிமிடம் பயன்பட்டு நெருப்புக்குப் போகும் பொருளுக்கு இவ்வளவு உழைப்பு எதற்கு? வீட்டு உள்தடுப்புப் பலகை, மேசை, ஒலித் தடுப்பு, கட்டுமான அச்சு என்று ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் பொருளைச் செய்தால் அத்தனை ஆண்டுகளும் அந்தக் கார்பன் காற்றுக்குப் போகாமல் நம் சுவரிலேயே இருக்கும். தமிழ்நாட்டு அரசு 2019 சனவரி முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்து, 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டத்தைத் தொடங்கியபோது முன்வைத்ததும் மக்கும் பையை அன்று. மறுபடி மறுபடி தூக்கிச் செல்லும் துணிப்பையை. இங்கும் 2023 ஜூலை முதல் பெரிய பேரங்காடிகளில் பைக்குக் குறைந்தது ஐந்து காசு வாங்குகிறார்கள். பையின் பொருளை மாற்றுவதைவிடப் பையின் எண்ணிக்கையைக் குறைப்பது எளிது.

தீராத சிக்கல்கள்

இயற்கைப் பாலிமர்களுக்குத் தண்ணீர் ஆகாது. கைட்டோசன் படலம் ஈரத்தில் ஊதிப் பருத்து வலுவிழக்கும். செல்லுலோஸ் பலகை நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தைக் குடித்து வளையும். பூஞ்சை பிடிக்கும். கரையான் வரும். இவற்றைத் தடுக்க மேலே பிளாஸ்டிக் பூசினால் செய்த வேலை வீண். நனைந்தாலும் நிற்கும், வேண்டியபோது மக்கும் என்ற இரண்டும் ஒரே பொருளில் பொருந்துவது எளிதன்று. காகிதக் கோப்பையின் உட்புறம் தடவிக் காட்டும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இந்தத் தோல்விக்கு அன்றாடச் சாட்சி.

இரண்டாவது சிக்கல் அறிவியலே அன்று, சேகரிப்பு. இறால் ஓடு எங்கே இருக்கிறது? தேக்காவில் இறாலைப் பெரும்பாலும் ஓட்டோடுதான் வாங்குகிறோம். உரிப்பது வீட்டில். ஆகவே ஓடு தீவு முழுவதும் லட்சக்கணக்கான வீடுகளின் சமையலறைகளுக்குப் பிரிந்து போகிறது. அங்கே மீந்த குழம்போடும் முட்டை ஓட்டோடும் பையில் கட்டி, குப்பைக் குழாயில் விழுந்து கலந்துவிடுகிறது. கலந்த பிறகு பிரிப்பது முடியாத காரியம். ஆராய்ச்சிக்கூடத்தில் நாங்கள் எடுத்த கைட்டின், ஒரே வகை இறாலின் கழுவிய ஓட்டிலிருந்து வந்தது. நிஜக் குப்பை அப்படி வராது.

2024 முதல், புதிதாகக் கட்டப்படும் பெரிய வணிக, தொழிற்சாலைக் கட்டடங்களில் உணவுக் கழிவைத் தனியே பிரிக்க வேண்டும் என்று சட்டம் வந்திருக்கிறது. பிரித்த கழிவிலும் சோறு, எலும்பு, ஓடு எல்லாம் ஒன்றாகத்தான் கிடக்கும். ஓடு மட்டும் தனியாகச் சேரும் இடங்கள் சிலவே: இறாலை உரித்து விற்கும் மீன்கடைகள், நண்டுக் கடைகள், உறைநிலை உணவு செய்யும் ஆலைகள், கல்யாணச் சமையல் செய்யும் உணவகங்கள். அங்கே நாளொன்றுக்கு எத்தனை கிலோ ஓடு சேர்கிறது, எத்தனை மணி நேரத்தில் அது அழுகத் தொடங்குகிறது, அதைத் தனி வாளியில் போடக் கடைக்காரர் என்ன கேட்பார் என்பதை யாராவது நேரில் போய்க் கணக்கெடுக்க வேண்டும். தேக்காவில் அந்தக் கணக்கைத் தமிழிலும் எடுக்கலாம். இறுதியாண்டுத் திட்டத்துக்குத் தலைப்புத் தேடிக்கொண்டிருப்பவர்கள் ஒரு தராசும், மூடியுள்ள வாளி இரண்டும், விடியற்காலை ஐந்து மணிக்கு எழும் பழக்கமும் இருந்தால் தொடங்கிவிடலாம். முதல் வாரம் வாடை கொஞ்சம் தொல்லை கொடுக்கும்.